கேட்டுக்கு இந்தப் பக்கம்

உள்ளயா? நானா? நல்லாச் சொன்னீங்க போங்க. வேணாம்ண்ணே, நான் கேட்டுக்கு இந்தப் பக்கமே நிக்கிறேன். கல்யாணப் பத்திரிகையெல்லாம் இருக்கு, சட்டைப் பையிலதான் இருக்கு. அதுக்காக உள்ள போயிடணுமா?

நீங்க இந்த வாட்ச்மேன் வேலைக்குப் புதுசு, அதான் தெரியல. இந்தச் சபைக்காரங்க சுவிசேஷ ஆளுங்க. ஊரையே ஆண்டவர்கிட்ட இழுத்துட்டு வந்துடணும்னு திரியுறவங்க. நாங்க நாலு தெரு தள்ளி, அந்தத் தகரக் கூரை சபை. எங்கள அடிப்படைவாதின்னு சொல்வாங்க. சொல்லட்டுமே, எங்களுக்குப் பெருமைதான்.

வித்தியாசமா? வேதம் ஒண்ணுதான், சிலுவையும் ஒண்ணுதான். ஆனா இவங்க இருக்காங்களே, குடிகாரன் வந்தாலும் உக்கார வச்சு டீ குடுப்பாங்க. டிரம்ஸ் தட்டுவாங்க, ஆடாத குறை. எவன் கூப்பிட்டாலும் பல்லை இளிச்சுக்கிட்டு மேடை ஏறிடுவாங்க. கேட்டா அன்பாம். பெரிய அன்பு! நான் மர வேலை பாக்குறவன். செல்லரிச்ச பலகைய நல்ல பலகை மேல அடுக்குவேனா? தனியாத் தூக்கி வச்சிடுவேன். அதான் நாங்க.

அதோட விட்டாப் பரவாயில்லயே. தப்புப் பண்றவன விட்டு விலகுனா மட்டும் பத்தாது, அவன விட்டு விலகாதவன விட்டும் விலகணும். ஏண்ணே சிரிக்கிறீங்க? இந்தச் சபைப் போதகர் ஒரு தடவ, எங்களுக்கு ஆகவே ஆகாத ஒரு ஆளோட ஒரே மேடையில உக்காந்துட்டாரு. முடிஞ்சது கதை. இந்தப் படிய மிதிச்சவன் எங்க சபையில இருக்க முடியாது. என் கூடப் பொறந்த தம்பி ஒரு நாள் இங்க வந்து இவருக்குக் கை குடுத்துட்டான். வெறும் கைதாண்ணே. அவனச் சபைய விட்டு நீக்குன காகிதத்துல மூப்பர்னு முதல் கையெழுத்துப் போட்டது நான்தான். ஆறு வருஷமாச்சு. மூஞ்சியில முழிக்கிறதில்ல.

வண்டி வருது பாருங்க, கேட்டத் தொறங்க. நான் இப்படி உங்க கூண்டுக்குப் பின்னால ஒதுங்கிக்கிறேன். வெயிலுண்ணே, வேற ஒண்ணுமில்ல.

பொண்ணு இறங்கிடுச்சா? அப்புறம் ஏன் படியிலயே நிக்குது? உள்ள போக வேண்டியதுதானே. டிரம்ஸ் சத்தத்தக் கேளுங்க, கல்யாணமா கச்சேரியா இது? கர்த்தர்கிட்ட ஒரு பயம் வேணாம்? தூ.

இன்னுமா நிக்குது? இங்கயா பாக்குது? திரும்பி நில்லுங்கண்ணே, என்னக் காட்டிக் குடுத்துடாதீங்க.

அப்பன் கையப் பிடிச்சுக்கிட்டு உள்ள போகலாம்னு நிக்குது, கூறு கெட்டது. அதோட சித்தப்பனையே ஒதுக்கித் தள்ளுன அப்பன், தனக்குன்னு வந்தா மட்டும் படி ஏறிடுவானா? நாளைக்கு எந்த மூஞ்சியோட எங்க சபையில நிப்பேன்?

ஆமா, என் பொண்ணுதான். ஒரே பொண்ணு. இந்தச் சபைப் பையனத்தான் கட்டிக்கிது. புதுச் சட்டை வேற தச்சுப் போட்டுட்டு வந்திருக்கேன் பாருங்க, இந்தக் கேட்டுல நிக்கிறதுக்கு.

போகுதா? தனியாவா? யாரோ ஒரு ஆளு கூடப் போறாரா? எப்படி இருக்காரு? வழுக்கைத் தலை... இடது கால லேசா இழுத்து நடக்குறாரா?

என் தம்பிண்ணே அது.

அந்தப் படி உசரம். பிள்ளைக்கு உடுப்பு வேற தடுக்கும். கெட்டியாப் பிடிச்சிருக்கானா? நல்லாப் பாத்துச் சொல்லுங்கண்ணே.