பார்த்துக்கொண்டிருப்பவர்: ஒருவர்

ஆர்வில்: ...மொதல்ல இந்த ஏழாவது வரிய அழிக்கணும்டா ஹார்லன்.

ஹார்லன்: அதுல மட்டும் கை வெக்காத.

ஆர்வில்: கடை என்னோடது. லைசென்ஸ் என்னோடது. இன்டர்நெட்ல விக்கப் போடுற ஒவ்வொரு துப்பாக்கிக்குக் கீழயும் என் பேருதான் இருக்கு.

ஹார்லன்: துப்பாக்கி என்னோடதுல்ல?

ஆர்வில்: உன்னோடதா?

ஹார்லன்: ...சரி, கோராவோடது. என் பொண்டாட்டி போகும்போது விட்டுட்டுப் போனது. மூணு வருஷமா உன் அலமாரியில தொங்குது. போதுமா? காபி இருக்கா?

ஆர்வில்: காலையில போட்டது. கசக்கும்.

ஹார்லன்: கசக்கட்டும்.

ஆர்வில்: நீ எழுதிக் குடுத்ததப் படிக்கிறேன், கேளு. 'இடதுகைக்காரர் ரைஃபிள். இரும்பின் நீலப் பூச்சு எழுபது சதவீதம் மீதம். குழலின் உட்புறம் கண்ணாடி போல. தூக்கியது அதிகம், சுட்டது குறைவு.' இதுவரைக்கும் சரி. எல்லாரும் எழுதுறதுதான்.

ஹார்லன்: எல்லாரும் சும்மா எழுதுவாங்க. கோரா நெசமாவே அப்படி. காலையில கெளம்பினா சாயங்காலம் வரைக்கும் மலை பூரா தூக்கிக்கிட்டு நடப்பா. ஒரு வேட்டை சீசனுக்கு ஒரு தோட்டா. அதுக்கு மேல அவ செலவு பண்ணதே இல்ல.

ஆர்வில்: நீ?

ஹார்லன்: நான் ஒரு பெட்டி தோட்டா. எல்க் மான் நின்னு வேடிக்கை பாத்துட்டுப் போகும்.

ஆர்வில்: அப்புறம்தான் உன் கைவரிசை ஆரம்பிக்குது. 'தூக்கிப் பிடிக்கும் இடத்தில் நீலம் தேய்ந்து வெள்ளை தெரிகிறது. மூன்று விரல் அகலம். சிறிய கை.' எவன்டா கையளவெல்லாம் எழுதுவான்?

ஹார்லன்: நெலமைய எழுதுன்னு நீதானே சொன்ன?

ஆர்வில்: துப்பாக்கியோட நெலமைய எழுதச் சொன்னேன். உன் நெலமைய இல்ல.

ஹார்லன்: சிரிக்காத.

ஆர்வில்: 'கன்னம் படும் இடத்தில் வார்னிஷ் மங்கியிருக்கிறது. துடைக்கவில்லை.' ஏன் துடைக்கல?

ஹார்லன்: ...துடைச்சா போயிடும்ல.

ஆர்வில்: ம்.

ஹார்லன்: என்ன 'ம்'?

ஆர்வில்: ஒண்ணுமில்ல. போன வாரம் ஐடஹோலேர்ந்து ஒருத்தர் கேட்டாரே, இடதுகைக்காரர், நல்ல மனுஷன், நாளைக்கே எடுத்துக்குறேன்னாரு. அவருக்கு நீ என்ன பதில் போடச் சொன்ன? 'மழை நாளில் சுட்டால் தோளில் அதிகம் உதைக்கும்.' மழைக்கும் உதைக்கும் என்னடா சம்பந்தம்?

ஹார்லன்: அவருக்கு கை பெரிசு. படத்துல பாத்தேன்.

ஆர்வில்: சரி, ஏழாவது வரிக்கு வருவோம். 'துப்பாக்கியின் மரக்கட்டை அடியில் பள்ளம், கால் டாலர் காசு அளவு. முன்பு வைத்திருந்தவரின் கவனக்குறைவால் கீழே விழுந்தது.'

ஹார்லன்: பக்கத்துல காசு வெச்சு படமும் எடுத்திருக்கேன். அளவு சரியா இருக்கும்.

ஆர்வில்: அளவ யாரு கேட்டா? கோராவா கீழ போட்டா? எனக்குத் தெரிஞ்ச கோரா, பனி கொட்டினா தன் கோட்டக் கழட்டி துப்பாக்கிமேல சுத்துறவ.

ஹார்லன்: எழுதினது எழுதினதுதான்.

ஆர்வில்: வாங்குறவங்க மூணு நாள் வெச்சுப் பாப்பாங்க. எழுதினதுக்கும் பொருளுக்கும் ஒரு கீறல் வித்தியாசம் இருந்தாலும் திருப்பி அனுப்பிருவாங்க. கெட்ட பேரு எனக்கு.

ஹார்லன்: வாங்கினாத்தானே திருப்புறதுக்கு? அத விடு. நம்பர் பாரு.

ஆர்வில்: ...என்ன நம்பர்?

ஹார்லன்: தெரியாத மாதிரி கேக்காத. செவ்வாக்கிழமை தவறாம முப்பது மைல் ஓட்டிக்கிட்டு வரேனே, உன் காபிக்கா? ஸ்க்ரீன் ஓரத்துல எத்தன பேருன்னு வருமே, 'பார்த்துக்கொண்டிருப்பவர்'னு. அந்த ஒருத்தர் இருக்காங்களா?

ஆர்வில்: யாருன்னு நெனக்கிற அது?

ஹார்லன்: யாரா வேணா இருக்கட்டும். மொண்டானாவுல இடதுகை ரைஃபிள் தேடுற யாரும் உன் பக்கத்துக்கு வந்துதானே ஆகணும்? வந்து, பாத்து, ஒண்ணும் கேக்காம... மூணு வருஷமா போகாமலும் இருக்காங்க. வேற யாரு அப்படி இருப்பா?

ஆர்வில்: உக்காரு ஹார்லன்.

ஹார்லன்: போயிட்டாங்களா?

ஆர்வில்: உக்காருடா. அந்த ஒருத்தர்... நான்தான்.

ஹார்லன்: என்னது?

ஆர்வில்: மொத மாசம் சைபர்னு காட்டுச்சு. நீ தொப்பியக் கையில வெச்சுக்கிட்டு அதையே பாத்துட்டு நின்ன. எனக்குத் தாங்கல. வீட்டுக்குப் போயி என் பொண்டாட்டி கம்ப்யூட்டர்ல அந்த 'பார்த்துக்கொண்டிரு' பட்டன அமுக்கிட்டேன். அடுத்த செவ்வாக்கிழமை நீ சிரிச்ச. அப்புறம் எப்படிடா எடுக்குறது?

ஹார்லன்: மூணு வருஷம்... அடுப்பு முன்னாடி தனியா நின்னு திங்கும்போதெல்லாம், கோரா பாத்துக்கிட்டுத்தான் இருக்கான்னு நெனச்சுக்குவேன். உன்னையாடா நெனச்சேன்?

ஆர்வில்: திட்டு. வாங்கிக்கிறேன்.

ஹார்லன்: திட்டி என்னாகப் போகுது? எடு அந்தத் துப்பாக்கிய. வீட்டுக்குக் கொண்டு போறேன். எழுதினது எல்லாத்தையும் அழிச்சிரு.

ஆர்வில்: இரு. நான் இன்னும் முடிக்கல.

ஹார்லன்: இன்னும் என்ன பாக்கி?

ஆர்வில்: இன்னைக்குக் காலையில நம்பர் ரெண்டு.

ஹார்லன்: ...மறுபடியும் உன் வேலையா?

ஆர்வில்: சத்தியமா இல்ல. மைல்ஸ் சிட்டிலேர்ந்து. பேரு போடல. சேதி ஒண்ணு வந்திருக்கு. அதனாலதான்டா வந்ததுலேர்ந்து ஏழாவது வரியப் புடிச்சுக்கிட்டு நிக்கிறேன்.

ஹார்லன்: படி... மெதுவாப் படி.

ஆர்வில்: 'ஏழாவது வரி பொய். துப்பாக்கி விழுந்த அன்று பிக்கப் வண்டியின் பின்கதவைத் தாழ்போடாமல் விட்டது யாரென்று எழுதியவருக்கே தெரியும். திருத்திவிட்டுச் சொல்லவும். சனிக்கிழமை சீசன் தொடங்குகிறது. என்னிடம் துப்பாக்கி இல்லை.' ...அவ்வளவுதான். நீயாடா கதவ விட்டது?

ஹார்லன்: நான்தான். விட்டதும் நான், அவமேல பழியப் போட்டதும் நான். அந்தக் குளிர்காலம் முடியுறதுக்குள்ள அவ என்ன விட்டுட்டுப் போயிட்டா. மத்த வரியெல்லாம் உண்மை ஆர்வில், அந்த ஒண்ண மட்டும் தெரிஞ்சேதான் பொய்யா எழுதினேன். ஏன்னா... நான் கூப்பிட்டா வர மாட்டா, ஆனா அந்தப் பொய்ய அவளால அப்படியே விட்டுட்டுப் போக முடியாது. கொஞ்சம் தள்ளி உக்காரு... நானே திருத்துறேன்.