மூலத்தில் இல்லாத சொல்

— நிறுத்து, இனாயத். மறுபடியும் சொல்லிட்ட.

— எதை, நக்வி சாப்?

— அந்த வார்த்தையை. நான் புரூஃபைப் பாக்குறேன், நீ மூலத்தைப் படிக்கிற. மூலத்துல இருக்கிறதைப் படிய்யான்னா, நெஞ்சுல இருக்கிறதைப் படிக்கிற. இருபத்தஞ்சு வருஷம் இந்த அரசு அச்சகத்து நாற்காலியில உக்காந்தவன் பண்ற தப்பா இது?

— தப்பா எடுத்துக்காதீங்க சாப். வரி மேல விரலை வெச்சுக்கிட்டுதான் படிச்சேன்.

— சரி, அந்த வரியை இன்னொரு தடவை படி. மெதுவா, கமாவோட.

— "சிறுபான்மையினர் தத்தம் மதங்களைக் கைக்கொள்ளவும் கமா கடைப்பிடிக்கவும் கமா தத்தம் பண்பாடுகளை வளர்க்கவும் போதிய ஏற்பாடு செய்யப்படும் முற்றுப்புள்ளி."

— இதோ! "மதங்களைச் சுதந்திரமாகக் கைக்கொள்ளவும்"னு என் காதுல விழுந்துது. என் புரூஃப்ல "சுதந்திரமாக" கிடையாது.

— என் மூலத்துலயும் கிடையாது சாப்.

— அப்புறம் ஏன் படிக்கிற?

— நான் படிக்கலை.

— பின்ன யாரு, உங்க பாதிரியாரா வந்து படிச்சாரு? ஏன் என் மூஞ்சியையே பாக்குற?

— ஒண்ணுமில்லை சாப்.

— காலையில சாப்பிட்டியா?

— தவக்காலம் சாப். சாயங்காலம் வரைக்கும் தண்ணிதான்.

— அதான். வெறும் வயித்துல வார்த்தை தானா முளைக்குது. ஒரு ரஸ்க்காவது கடி, உங்க ஏசு கோச்சுக்க மாட்டாரு.

— உங்க ரம்ஜான்ல நான் எப்பவாவது ரஸ்க்கை நீட்டியிருக்கேனா சாப்?

— சரிப்பா, விடு. வெளியில மேஜர் பூட்ஸைத் தட்டிக்கிட்டு நிக்கிறாரு. மதியத்துக்குள்ள இது மெஷின்ல ஏறணுமாம். ஜெனரல் அரசியல் சட்டத்துக்கு உசுரு குடுக்குறாரு. எட்டு வருஷமா அதுக்குக் கழுத்துல கால் வெச்சிருந்தது யாருன்னு கேக்காதே.

— நான் எதையும் கேக்குறதில்லை சாப். என் மச்சான் பத்திரிகை ஆபீஸ்ல ஒண்ணு கேட்டாரு. சவுக்கடி குடுத்தாங்க. ஏழு வருஷமாச்சு, இன்னிக்கும் மல்லாந்து படுக்க மாட்டாரு.

— தெரியும். அதனாலதான் சொல்றேன், மூலத்தை மட்டும் படி.

— ஆனா சாப், ஒண்ணு மட்டும். அந்த வார்த்தை முன்னாடி இருந்துதுதானே?

— இருந்துது.

— நிச்சயமா?

— கேளு. நாப்பத்தொம்பதுல கராச்சியில, அரசியல் சட்டம் எப்படி இருக்கணும்னு சபையில போட்ட இந்தத் தீர்மானத்துக்கு முதல் புரூஃப் பாத்தவன் நான். அப்ப நம்ம தேசத்துக்கே ரெண்டு வயசு முடியலை. ஆட்சி இறைவனோடது, மக்கள் கையில அது அமானிதம், நம்பி ஒப்படைச்ச பொருள்னு ஆரம்பிக்கும். படிக்கப் படிக்க எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. லக்னோல வீடு வாசலை விட்டுட்டு வந்தது இந்த ஒரு பக்கத்துக்குத்தான்னு நெனச்சேன். அம்பத்தாறுல சட்டத்தை அச்சு கோத்தோம், முகவுரையா இதை வெச்சாங்க. ரெண்டு வருஷத்துல கிழிச்சாங்க. அறுபத்திரண்டுல வேற சட்டம். தேசத்துப் பேர்லருந்து "இஸ்லாமிய"ங்கிறதை எடுத்தாங்க, மறு வருஷமே வெக்கப்பட்டு வெச்சாங்க. அப்புறம் கிழக்கே பாதி தேசமே போச்சு. எழுபத்துமூணுல மறுபடி சட்டம். எல்லாத்துலயும் இந்த வரி வந்துது. எல்லாத்துலயும் அந்த வார்த்தை இருந்துது.

— இப்ப முகவுரையை சட்டத்துக்கு உள்ளேயே ஏத்துறாங்க.

— ஆமா. இனிமே கோர்ட்டுல நீட்டலாம்.

— அப்ப வீட்டுக்குள்ள வர்றப்ப செருப்பைக் கழட்டுற மாதிரி, அந்த வார்த்தையை வாசல்லயே கழட்டி வெச்சுட்டு வந்திருக்கு.

— மெதுவா பேசு!

— மன்னிச்சுடுங்க.

— டைப் அடிச்சவன் விட்டானோ, எடுக்கச் சொன்னாங்களோ, யாருக்குத் தெரியும்? இரு, மூலத்தை இங்க குடு, நானே படிக்கிறேன். நீ புரூஃபைப் பாரு. "சிறுபான்மையினர் தத்தம் மதங்களை..." ...யா அல்லாஹ்.

— என்ன சாப்?

— கேட்டுதா உனக்கு?

— கேட்டுது.

— நான் அந்த வார்த்தையை விட்டுட்டுத்தானே படிச்சேன்? விட்டுட்டுத்தான் படிச்சேன். எனக்குப் பக்கத்துல யாரோ சேர்த்துப் படிச்சாங்க. ஜன்னல் சாத்தியிருக்கா பாரு.

— சாத்தித்தான் இருக்கு சாப். மெஷினும் ஓடலை.

— எங்கேருந்து வந்துது?

— நான்... தலையைக் குனிஞ்சு புரூஃபைப் பாத்துக்கிட்டிருந்தேன் சாப்.

— அந்தக் குரலை எனக்குத் தெரியும், இனாயத்.

— யாருது?

— நிரஞ்சன் பாபு. கிழக்கே பாரிசால் ஊர்க்காரர், இந்து. கராச்சியில எனக்கு எதிர்ல உக்காந்து மூலம் படிச்சவர். உன் இடத்துல. வங்காளி நாக்கு, எதைச் சொன்னாலும் வாயில ரசகுல்லா இருக்கிற மாதிரி இருக்கும். நான் அதைச் சொல்லிச் சொல்லிக் கிண்டல் பண்ணுவேன். அன்னிக்கு இந்த வரியில வந்து நின்னுட்டாரு. "நக்வி பாய், இந்த வார்த்தை நிலைக்குமா?"ன்னாரு.

— நீங்க என்ன சொன்னீங்க?

— வயசு இருபத்திமூணு. பெரிய மனுஷன் மாதிரி நெஞ்சுல கை வெச்சேன். "நான் புரூஃப் பாக்குற வரைக்கும் இது போகாது. போனா என் நாக்கு உங்களுக்கு"ன்னேன்.

— அப்புறம்?

— மறு வருஷம் ஊர்ல கலவரம், குடும்பத்தைக் கூட்டிட்டு வர்றேன்னு போனாரு. அவரும் வரலை, கடிதாசும் வரலை. அவரோட குடை ரெண்டு வருஷம் மூலையிலேயே கிடந்துது. நானும் அவரை மறந்துட்டேன். சத்தியமா மறந்துட்டேன்.

— சாப், ஒரு கேள்விக்குறி போட்டா என்ன? வழக்கம்தானே? மூலத்துலயே சந்தேகம்னா ஓரத்துல கேள்விக்குறி போட்டு, கையெழுத்து வெச்சு, திருப்பி அனுப்புறோம். அவ்வளவுதான்.

— அவ்வளவுதானா? நீ போடேன்.

— நான் போட்டா கிறிஸ்தவன் சட்டத்துல கை வெக்கிறான்னு ஆகும். நீங்க சையது, நபியோட வம்சம். நீங்க போட்டா ஏதோ கிழவர் மூக்குக்கண்ணாடியைத் துடைச்சுப் பாக்குறாருன்னு விட்டுடுவாங்க.

— விட மாட்டாங்க. இந்த வருஷம் விட மாட்டாங்க. எனக்கு ஓய்வுக்கு இன்னும் மூணு மாசம், இனாயத். எனக்குப் பயமா இருக்கு. போதுமா?

— எனக்கும்தான் சாப். ஆனா அந்த வரிக்குள்ள இருக்கிறது என் பிள்ளைங்க.

— இன்னும் ஒரே ஒரு தடவை பாத்துடுவோம். யாரும் வாயைத் திறக்க வேண்டாம், கண்ணால மட்டும் படிப்போம். நீ உன் வாயைப் பொத்திக்கோ. நல்லா, உள்ளங்கையால. நான் உன்னைத்தான் பாத்துக்கிட்டிருப்பேன்.

— ம்.

— ...சுதந்திரமாக...

— ம்ம்! ம்!

— கையை எடுக்காதே! நீ இல்லை. பாத்துட்டேன், நீ இல்லை. நிரஞ்சன் பாபு, போயிடுங்க. உங்க காலைப் பிடிக்கிறேன், போயிடுங்க. எனக்கு—

— யாருகிட்ட பேசுறீங்க, நக்வி?

— மேஜர் சாப்! யாருகிட்டயும் இல்லை. சரிபாத்துக்கிட்டிருக்கோம்.

— இங்க எத்தனை பேர்?

— ரெண்டு பேர்தான். நானும், மூலம் படிக்கிற இனாயத் மசீஹும்.

— வாசல்ல நின்னு கேட்டேன். மூலத்தை நானே மடியில வெச்சுக் கொண்டுவந்தேன், வழியெல்லாம் படிச்சேன். அதுல இல்லாத ஒரு வார்த்தையை இந்த அறையில யாரோ சொல்லிக்கிட்டே இருக்காங்க. யாரு?

— அது வந்து... பழைய ஞாபகத்துல...

— யாருன்னு கேட்டேன். மூணாவது ஆள் இல்லைன்னா, ரெண்டு பேர்ல ஒருத்தர். பேர் சொல்லுங்க.

— மேஜர் சாப்...

— ஒரு பேர், நக்வி.

— ...இனாயத்.

— அப்படியா, இனாயத் மசீஹ்? நீயா சொன்ன?

— பெரியவர் சொன்னா சரிதான், மேஜர் சாப்.

— ஏன் சொன்ன? யாரு சொல்லிக் குடுத்தா?

— யாரும் இல்லை. மனப்பாடம்.

— மனப்பாடத்தை மறக்க வெக்கிற இடம் இருக்கு. நக்வி, புரூஃப் மூலத்தோட ஒத்துப்போகுதா?

— போகுது.

— ஓரத்துல கேள்வி ஏதாவது?

— இல்லை.

— அப்ப கையெழுத்துப் போடுங்க. தெளிவா போடுங்க, படிக்க முடியணும்... ம், போதும். இது மெஷினுக்குப் போகட்டும். இனாயத், கீழே ஜீப் நிக்குது. ரெண்டு நிமிஷத்துல இறங்கி வா.

— வர்றேன், மேஜர் சாப்.

— ...போயிட்டாரா?

— படி இறங்குறாரு சாப்.

— இனாயத், என்னைப் பாரு. நான் பாவி. நீ வாயைப் பொத்தியிருந்ததை என் ரெண்டு கண்ணாலயும் பாத்துட்டு உன் பேரைச் சொன்னேன். செத்த மனுஷன் பேரைச் சொன்னா யாரு நம்புவா? நாளைக்கே யாரையாவது பிடிச்சு உன்னை வெளியில எடுக்குறேன். உன் பிள்ளைங்களை நான் பாத்துக்குறேன். ஏதாவது பேசேன்.

— என் போர்வையை எடுத்துக் குடுங்க சாப். ராத்திரி குளிரும்.

— இந்தா. திட்டிட்டாவது போ. அந்தக் குரல் நிரஞ்சன் பாபுவோடதுன்னு நீயாவது நம்புறியா?

— குரல் யாருதோ எனக்குத் தெரியாது சாப். ஆனா ஒவ்வொரு தடவையும் அசைஞ்சது உங்க உதடு. எங்களுக்காகத்தான் சொல்றீங்கன்னு நெனச்சு நான் காட்டிக் குடுக்கலை.