வாசகம் ஒட்டாத அட்டை

அடியில் பூசியது காய்வதற்குள் மேலே அடுத்ததைப் பூசினால் எல்லாம் சேறாகிவிடும். வாழ்த்து அட்டை செய்யப் பழகுகிறவர்கள் முதலில் கற்க வேண்டியது இது. பெரும்பாலோர் கடைசிவரை கற்காததும் இதுதான். நியூசிலாந்தின் தென்கோடியில், எங்கள் பிளஃபில், காற்று எந்நேரமும் கடலின் ஈரத்தைச் சுமந்துகொண்டே வரும். பொறுமை இல்லாதவர்களுக்கு இந்த வேலை ஒத்துவராது. எனக்குப் பொறுமை உண்டு, தம்பி. நீங்கள் தேநீரைக் குடித்துவிட்டே எழுதிக்கொள்ளலாம்.

நோலீன் எப்படி இறந்தாள் என்றுதானே கேட்டீர்கள். அட்டையிலிருந்து தொடங்கினால்தான் அது புரியும்.

வியாழக்கிழமைகளில் தேவாலயக் கூடத்தில் அட்டை செய்ய நோலீன் உட்பட ஏழெட்டுப் பெண்கள் கூடுவோம். மற்றவர்கள் பூ வெட்டுவார்கள், ரிப்பன் கட்டுவார்கள். நான் பின்னணி மட்டும் செய்வேன். தடித்த தாளில் முதலில் ஒரு வெள்ளைப் பூச்சு. அதன்மேல் தையல்காரர்களின் மாதிரித்தாள், கடலேற்ற நேரம் போட்ட பழைய அட்டவணை, பாட்டுப் புத்தகத்தின் பக்கம் என்று எதையாவது கிழித்து ஒட்டுவேன். பிறகு தண்ணீர் கலந்த மை. சிப்பி மூட்டையின் வலையை மேலே வைத்து அதன் கண்கள் வழியே இன்னொரு நிறம். ஈரம் இருக்கும்போதே கல்லுப்பைத் தூவினால் உப்பு மையைக் குடித்துவிட்டு வெளிறிய பூக்களை விட்டுச் செல்லும். காய்ந்த பின் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பிறந்தநாளுக்கா, திருமணத்துக்கா, ஞானஸ்நானத்துக்கா என்று அதுவே சொல்லும். சொல்ல நாளாகும் சில சமயம். அது சொன்ன பிறகுதான் வாசகம்.

நோலீன் இதற்கு நேர் எதிர். வாசகத்தை முதலில் எடுத்து வைத்துக்கொள்வாள். நான் செய்து காயவைத்ததில் கைக்கு வந்ததை உருவி, நடுவில் மூக்குக்கண்ணாடி போட்ட ஆட்டுக்குட்டியின் படம் ஒன்றை ஒட்டிவிடுவாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். தேவாலயச் சந்தையில் முதலில் போவதும் அந்த ஆட்டுக்குட்டி அட்டைகள்தான்.

"தாள் உங்கிட்டப் பேசுதாடி மெர்ல்? மொதல்ல டாக்டர்கிட்டக் காட்டு," என்பாள். "எங்கிட்ட வர்ற தாளெல்லாம் மேன்னுதான் கத்துது."

நானும் சிரிப்பேன். எனக்கு அவள்மேல் கோபம் இருந்ததில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஜூன் மாதக் குளிரில் அவளுக்கு நிமோனியா வந்தது. ஏற்கெனவே ஆஸ்துமாக்காரி. இன்வர்கார்கில் நகர மருத்துவமனையில் கிடந்து பிழைத்து வீடு திரும்பினாள். இன்ஹேலர் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். எங்கள் குழுவை நடத்துகிற ஹூயா, நோலீனுக்கு ஓர் அட்டை செய்யும்படி என்னிடம் சொன்னாள். அட்டையின் உள்ளே ஒட்டும் தாளில் எல்லோரும் நாலு வரி எழுதி, கையெழுத்திட்டு, முன்கூட்டியே என்னிடம் தந்துவிட்டார்கள்.

நான் மஞ்சளில் முடிக்கத்தான் நினைத்தேன். அன்றைக்கு ஏனோ அடியிலிருந்த கருநீலம் காயும்வரை காத்திருக்கவில்லை. மஞ்சள் அதில் இறங்கிக் கரைந்து போயிற்று. கீழே சாம்பல் தேங்கியது. மேலே வெளிறிய வானம். நடுவில் எதுவும் பிடிக்காத ஒரு வெள்ளை இடம். 'சீக்கிரம் குணமடைக' என்ற வாசகத்தை வெட்டி அதன்மேல் வைத்துப் பார்த்தேன். அது உட்காரவில்லை. மூன்று வகை எழுத்தில் வைத்துப் பார்த்தும் உட்காரவில்லை. பிறகு 'ஆழ்ந்த அனுதாபங்கள்' என்பதை வைத்தேன். அங்கேயே பிறந்ததுபோல் இருந்தது.

வாசகம் இல்லாமல் ஹூயாவிடம் காட்டினேன். "நல்லாத்தானே இருக்கு. ரெண்டு மஞ்சப் பூவ ஒட்டிக் குடுத்துடேன்," என்றாள். அவள் அதைப் பார்க்கவே இல்லை.

அந்த நாள்களில் நோலீன் தேறிக்கொண்டிருந்தாள். எழுந்து உட்காருகிறாள், சூப் குடிக்கிறாள் என்று கூடத்தில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அந்தச் செய்திகள் உறுத்தின. அவள் தேறக்கூடாது என்று நான் நினைக்கவில்லை. அவள் தேறுவதும் அந்த அட்டையும் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

அவளுடைய மகள் ஜோசலின் கடைக்குப் போக வேண்டும் என்றாள். ஒரு பிற்பகல் நான் துணைக்குப் போய் உட்கார்ந்தேன்.

"அட்ட எங்கடி?" என்றாள் நோலீன், தலையணையில் சாய்ந்தபடி. "ஊரே கையெழுத்துப் போட்டுச்சாம். நான் போய்ச் சேந்தப்புறம் குடுக்கலாம்னு வச்சிருக்கியா?"

எடுத்துக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தாள். காற்று கூரையை உலுக்கியது.

"அடிப்பாவி," என்றாள். "இது எழவு வீட்டுக்குக் குடுக்கறதுல்ல?"

எத்தனையோ வருடங்களில் முதன்முறையாக நோலீன் ஒரு பின்னணியைப் படித்திருந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று அவளை நான் நேசித்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

"சரி விடு," என்றாள் அவள். "அந்த டிராயரத் தொற. ஆட்டுக்குட்டி கெடக்கும் பாரு. நடுவுல தோதா எடம் விட்டிருக்கே, அங்க ஒண்ண ஒட்டுனா சரியாப் போயிடும்."

வார்னிஷ் அடித்துவிட்டால் அதன்மேல் பசை பிடிக்காது. ஸ்ப்ரே டப்பா என் பையில் இருந்தது. வெளியே போனால் ஈர வார்னிஷில் மணல் ஒட்டும். ஆகவே சன்னல்களைச் சாத்தினேன். கட்டிலோரத்து மேசையில் ஒரு செய்தித்தாளை விரித்தேன். இன்ஹேலரின்மேல் பட்டுவிடக்கூடாது என்று அதை எடுத்துப்போய்ச் சமையலறையில் வைத்தேன்.

"ஏய், இங்க அடிக்காதடி. வெளிய போ," என்றாள்.

அவள் சொன்னது சரிதான், அந்த நெடி ஆஸ்துமாவுக்கு ஆகாது. ஆனால் நான் தொடங்கிவிட்டிருந்தேன். முதல் பூச்சு இடமிருந்து வலம். இரண்டாவது மேலிருந்து கீழ். நடுவே கொஞ்ச நேரம் விட வேண்டும், விட்டேன். அவள் மேசையைக் கையால் தட்டினாள். அட்டை ஆடி மேற்பூச்சு கெட்டுவிடும் என்று அதைத் தூக்கிக்கொண்டு சன்னலோரம் போனேன். முதுகுக்குப் பின்னால் அவள் மூச்சின் சீழ்க்கை கேட்டது. அது மெலிந்துகொண்டே போனது. நான் திரும்பவில்லை, அட்டையைச் சாயாமல் பிடித்திருந்தேன். அறை அமைதியானபோது வார்னிஷ் விரலில் ஒட்டாத பதத்துக்கு வந்திருந்தது. சன்னலைத் திறந்தேன். இன்ஹேலரை அது இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தேன்.

வார்னிஷின்மேலும் பிடிக்கிற கறுப்பு மை என்னிடம் உண்டு. 'ஆழ்ந்த அனுதாபங்கள்' என்பதை அன்று மாலையே அச்சுக்கட்டையால் பதித்துவிட்டேன். மறுநாள் ஜோசலினிடம் கொடுத்தபோது, "எவ்வளவு அழகா இருக்கு ஆன்ட்டி," என்று அழுதாள். அதற்குப் பிறகு அட்டையைத் திறந்தாள். எனக்கு உள்பக்கங்களில் ஒருபோதும் அக்கறை இருந்ததில்லை; அவர்கள் தந்த தாளைப் படிக்காமலே ஒட்டியிருந்தேன். உள்ளே ஹூயாவின் கையெழுத்தில், 'சீக்கிரம் எந்திரிச்சு வாடி. நீ இல்லாம இங்க அமைதி தாங்கல' என்று இருந்ததாம். அப்படித்தான் ஜோசலின் அட்டையோடு உங்கள் காவல் நிலையத்துக்கு வந்திருக்கிறாள். அதை நான் எப்போது செய்தேன் என்று கேட்டீர்கள். நோலீன் உயிரோடு இருந்தபோது. அவளைக் கொன்றது நான்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் முடிவு செய்தது நானல்ல என்பதையும் சேர்த்து எழுதுங்கள். தாள் ஒன்றைச் சொன்ன பிறகு கை வேறொன்றைச் செய்ய முடியாது.

வேறொரு பின்னணி செய்திருக்கலாமே என்கிறீர்கள். செய்யக்கூடத் தேவையில்லை, தம்பி. உங்களுக்குப் பின்னாலுள்ள அலமாரியைத் திறந்து பாருங்கள். எலுமிச்சை மஞ்சள், இளம்பச்சை, விடிகாலைச் சிவப்பு. எல்லாம் போன வசந்தத்தில் செய்து முடித்தவை. எந்த நல்ல வாசகத்தை வைத்தாலும் தாங்கும். அவற்றில் ஒன்றை நோலீனுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.