கயிறு கட்டாத வண்டி

பழைய காரைத் தினமும் ஓட்டுவதில் பெரிய சிரமம் ஒன்றும் இல்லை, சேர். காலையில் மற்றவர்களைவிடக் கால்மணி நேரம் முன்னதாக எழுந்தால் போதும். எண்ணெய் பார்க்க வேண்டும், தண்ணீர் பார்க்க வேண்டும், நான்கு டயரையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்க்க வேண்டும். புதுக் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கால்மணி நேரம் கிடைப்பதில்லை. அவர்களுக்காக நான் வருத்தப்படுவதுண்டு.

நடந்ததைத் தமிழிலேயே எழுதலாம் என்று தாளும் பேனாவும் கொடுத்தீர்கள். நன்றி. இதைச் சிங்களத்தில் மாற்றுகிறவர் வண்டியைப் பற்றிய பகுதிகளைச் சுருக்கிவிடக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். அவை இல்லாமல் மற்றது விளங்காது. வண்டியைச் செய்த ஆங்கிலக் கம்பனியின் பெயரை நான் வேண்டுமென்றே எழுதவில்லை. அவர்கள் மேல் குற்றம் இல்லை.

என் பெயர் அழகர். வயது முப்பத்து நான்கு. கண்டியில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர். பன்விலையில் எங்கள் அப்பா கட்டிய வீட்டில் நானும் அக்காவும் இருந்தோம். அக்கா அன்னலட்சுமி பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. என்னைவிட எட்டு வயது மூத்தவள். சிறு வயதிலிருந்தே அவளுக்கு மூச்சிழுப்பு உண்டு. பனிக்காலத்தில் கூடும், வெயில் காலத்தில் குறையும். எங்கள் வீட்டில் அதைக் காலநிலையைப் போலத்தான் பேசிக்கொள்வோம்.

காரை நான் முதலில் பார்த்தது 1989இல், ஹுன்னஸ்கிரிய பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது. தோட்டத்து உரக் கொட்டிலில், சாக்குகளுக்குப் பின்னால் அதன் மூக்கு மட்டும் தெரிந்தது. இரண்டு பேர் மட்டும் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார். 1957ஆம் ஆண்டு செய்தது. சாக்கை விலக்கியபோது யாரோ நெடுநேரம் மூச்சை அடக்கிக் காத்திருந்தது போல இருந்தது. காவல்காரர் செல்லச்சாமி பக்கத்தில் நின்றார்.

"தொரை போனது எழுவத்தஞ்சுல. திரும்பி வந்து எடுத்துக்கிறேன்னாரு. அதுக்குள்ள கோழி எடுத்துக்கிச்சு" என்றார்.

உண்மைதான். ஓட்டுநர் கதிரையில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. வண்டியை முறைப்படி என் பெயருக்கு மாற்றினேன். பத்திரங்கள் வீட்டு அலுமாரியில், மேல் தட்டில் இருக்கின்றன.

அதைச் சரிசெய்ய மூன்று வருடமும் நான்கு மாதமும் ஆனது. எங்கள் வீடு சரிவில் இருப்பதால் கீழே ஓர் அறை உண்டு. அங்கேதான் வேலை செய்தேன். காட்சிக்கு வைக்கும் கார் எனக்கு வேண்டியிருக்கவில்லை. பன்விலையிலிருந்து கண்டிக்கும் கண்டியிலிருந்து பன்விலைக்கும் மழையிலும் வெயிலிலும் ஓட வேண்டும். ஆகவே தேவையானதை மாற்றினேன். ஜப்பான் வான் ஒன்றின் ஐந்து கியர் பெட்டி, ஜப்பான் காரின் பிரேக், மின்விசிறி வைத்த ரேடியேட்டர், பின்னால் சாய்க்கக்கூடிய இரண்டு கதிரைகள். சாயும் கதிரை அக்காவின் வசதிக்காகப் போட்டது. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வர்ணம் ஏழு பூச்சு. அக்காவின் படுக்கை அறை அந்தக் கீழறைக்கு நேர் மேலே. தரை பலகை. தின்னர் வாசம் மேலே போயிருக்கும், மறுக்கவில்லை. அந்த மாதங்களில் அவளுடைய இழுப்பு அதிகமானது. வர்ணத்தால்தான் என்று டாக்டர் எதுவும் எழுதித் தரவில்லை. பூச்சுக்கு நடுவில் நிறுத்தினால் நிறம் திட்டுத் திட்டாக விழும் என்பதை அக்காவிடம் விளக்கினேன். அவள் கொஞ்ச நாள் பாயை எடுத்துக்கொண்டு சமையலறையில் படுத்தாள்.

அவள் கோபக்காரி இல்லை. கேலிக்காரி. கார் முதல் தடவை வாசலுக்கு வந்தபோது சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ரெண்டு சீட்டுதானாடா? ஒனக்குக் கல்யாணம் ஆனா நான் பின்னால ஓடி வரணும்" என்றாள். பிறகு கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டாள். நான் அதை ஒரு பாராட்டாக எடுத்துக்கொண்டேன். ஆனால் அவள் அதைக் கார் என்று ஒருநாளும் சொன்னதில்லை. "ஒன் டப்பா" என்பாள். "ஒரு அவசரத்துக்கு இந்த டப்பாவ நம்பி ஏற முடியுமாடா?" என்று ஆட்கள் முன்னால் கேட்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

இப்போது கயிற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்டியில் பழைய வண்டி வைத்திருக்கும் நாங்கள் பதினோரு பேர், மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை ஓரிடத்தில் கூடித் தேநீர் குடிப்போம். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. யாருடைய வண்டியாவது வழியில் நின்று, இன்னொரு வண்டியின் உதவியோடு வீடு போய்ச் சேர்ந்தால், அதன் முன்பம்பரில் ஒரு சாண் தும்புக் கயிறு கட்டப்படும். கட்டி இழுத்தாலும் சரி, ஆட்களை மட்டும் ஏற்றிப் போனாலும் சரி. ஒரு வருடத்துக்கு அவிழ்க்கக் கூடாது. வெறும் விளையாட்டுத்தான். ஆனால் கயிறு கட்டிய வண்டியைப் பற்றி அந்த வருடம் முழுவதும் யாரும் ஒன்றும் விசாரிக்க மாட்டார்கள். அதன் சொந்தக்காரர் பேசினால் அன்பாகக் கேட்டுக்கொள்வார்கள். அந்த அன்பு இருக்கிறதே, அதைத்தான் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

என் வண்டியில் கயிறு ஏறியதே இல்லை. பதினோரு பேரில் அப்படி இருந்தது நான் ஒருவன் மட்டும்.

வத்தேகமையில் ஹார்ட்வெயர் கடை வைத்திருக்கும் முனாப் நானாவும் எங்களில் ஒருவர். அவருடைய பழைய கார் சென்ற ஜூலையில் மடவளையில் நின்றது. கயிற்றை நான்தான் கட்டினேன். முடிச்சு நல்ல முடிச்சு என்று அவரே புகழ்ந்தார். அவர் நல்ல மனிதர். என் காரில் மாற்ற வேண்டிய பழைய உறுப்பு ஒன்று மிஞ்சியிருப்பதைக் கண்டுபிடித்து எச்சரித்தவரும் அவர்தான். அது பெற்றோல் பம்ப். என் கதிரைக்குப் பின்னால் இருக்கிறது. மின்சாரத்தில் ஓடுவது. சாவியைத் திருப்பியதும் டிக், டிக், டிக் என்று தட்டும். பெற்றோல் நிறைந்ததும் அமைதியாகிவிடும். அந்தச் சத்தத்துக்காகவே அதை மாற்றாமல் வைத்திருந்தேன். காலையில் அது தட்டும்போது வண்டி என்னை அடையாளம் கண்டுகொண்டது போல இருக்கும்.

"அது ஒரு நாளைக்குத் தட்டாம நிண்டுரும் தம்பி. அண்டைக்கு நீங்க ரோட்டுல" என்றார் முனாப் நானா. அடுத்த முறை வரும்போது ஜப்பான் பம்ப் ஒன்றைப் பெட்டியோடு கொண்டுவந்து கொடுத்தார். பெட்டி பிரிக்காமல் கீழறையில் இருக்கிறது. உங்கள் ஆட்கள் எடுத்திருந்தால் அவரிடமே சேர்த்துவிடுங்கள்.

இனி ஜனவரி பத்தொன்பதாம் தேதி.

அக்காவுக்கு விடியற்காலையிலேயே இழுப்புத் தொடங்கிவிட்டது. இன்ஹேலர் முடிந்திருந்தது. முந்தின நாள் கண்டியிலிருந்து வாங்கிவரச் சொல்லியிருந்தாள். மறந்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழு மணிக்கு அவளுடைய உதடு நிறம் மாறியிருந்தது. அடுத்த வீட்டுக் கணபதி அண்ணன் மரக்கறி ஏற்றும் தன் வானை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். அக்கா அந்தப் பக்கம் கையைக் காட்டினாள். நான் என் சாவியை எடுத்தேன்.

"இதிலயே போவோம்க்கா. முப்பத்தஞ்சு நிமிஷம்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பேசுவதற்கு மூச்சில்லை. இருந்தும் ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சாக, "பேராதனை... போகுமா... டப்பா?" என்றாள். பேராதனைப் பெரிய ஆஸ்பத்திரியைத்தான் சொன்னாள். சிரிக்கவும் பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

போகும் என்றேன்.

பன்விலை தாண்டி மூன்றாவது மைலில், தேயிலைக்கு நடுவே உள்ள ஏற்றத்தில் எஞ்சின் இருமியது. ஓரமாக எடுத்தேன். சாவியைத் திருப்பினேன். சத்தம் இல்லை. பம்ப் தட்டவில்லை. பதற்றப்படாமல் என் கதிரையை மடக்கித் தகட்டைக் கழற்றினேன். பம்பின் உள்ளே இரண்டு சிறிய முனைகள் உண்டு. அவை கரிபிடித்தால் கழற்றித் தேய்க்க வேண்டும். இருபது நிமிட வேலை. தூறிக்கொண்டிருந்தது. இந்த வகைக் காருக்குக் கன்வஸ் மூடி ஒன்று உண்டு, நடுவில் ஸிப் வைத்தது. ஓட்டுநர் பக்கம் திறந்திருக்க, மற்றப் பக்கத்தை மட்டும் மூடிவைக்கலாம். அக்கா நனையக் கூடாது என்று அவள் கதிரையைச் சாய்த்து, மூடியை இழுத்து, ஸிப்பைப் போட்டேன். நேற்று உங்களிடம் வாய்மொழியாக இவ்வளவுதான் சொன்னேன்.

அதன் பிறகு முனாப் நானாவின் வான் வந்தது. நின்றது. அவரும் மனைவி றம்லத்தும் பன்விலைப் பக்கம் உறவினர் வீட்டில் தங்கிவிட்டுக் கண்டிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் கேலி இல்லை. அந்த அன்பு வந்துகொண்டிருந்தது.

"என்ன தம்பி, நிண்டு போச்சா?"

"இல்ல நானா. நான்தான் நிப்பாட்டினேன். சும்மா ஒரு செக்."

"பம்ப்தானே? நான் சொன்னேனே. கயிறு வான்லயே ஈக்கிது, வாங்க" என்று சிரித்தார். பிறகு, "அக்கா எப்பிடி ஈக்கிறாங்க?" என்று கேட்டார்.

"வீட்ல இருக்காங்க" என்றேன்.

அப்போதுதான் மூடிக்கு அடியில் அக்கா கதவைத் தட்டினாள். கையில் தெம்பில்லாததால் வளையலால் தட்டியிருக்க வேண்டும். டிக், டிக், டிக். இடைவெளி கொஞ்சம் அதிகம். ஆனால் தகட்டுக் கதவு நன்றாகவே அதிர்ந்தது.

முனாப் நானா காதைக் கொடுத்துக் கேட்டார். "அது என்னேன் சத்தம்?"

"பம்ப்தான், நானா. தட்டுதே."

எங்களைப் போன்றவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு இது, சேர். வேறு யாராக இருந்தாலும் இறங்கி வந்து மூடியைத் தூக்கிப் பார்த்திருப்பார்கள். அவருக்கு வண்டி தெரியும். பம்ப் தட்டினால் பெற்றோல் வருகிறது, பெற்றோல் வந்தால் கோளாறு சின்னது. அவர் தலையை ஆட்டினார்.

"அப்ப ப்ளக் நனஞ்சி ஈக்கும். பத்து நிமிசம் வச்சிட்டு அடிங்க" என்றார். அவரைத் திருப்தியோடு அனுப்பிவைத்தேன். வான் வளைவில் மறையும் வரைக்கும் தட்டல் கேட்டது. அவர்மேல் குற்றம் சொல்லாதீர்கள். அவர் இப்போது கடை திறப்பதில்லை என்று கேள்விப்பட்டேன். அது தேவையில்லாதது.

இரண்டு விஷயங்களைத் திருத்த வேண்டும். முதலாவது, தூறல். நான் மூடியைப் போட்டபோது தூறல் நின்று கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. கீழ் வளைவில் ஒரு வான் ஏறிவருவது கேட்டது. எஞ்சின் சத்தத்தை வைத்தே அது யாருடையது என்று எனக்குத் தெரிந்தது. அதன் பிறகுதான் கதிரையைச் சாய்த்தேன். மூச்சிழுக்கிறவர்களைப் படுக்கவைக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். இருபத்தைந்து வருடமாக அவளுக்குத் தலையணை அடுக்கிக் கொடுத்திருக்கிறேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு ஸிப்பை இழுத்தேன். ஸிப் மெழுகு போட்டது, சுலபமாக வந்தது.

இரண்டாவது, தட்டல் நின்றது. வான் போன பிறகு, நான் முனைகளை மணல் தாளால் தேய்த்துக்கொண்டிருந்தபோது. முதலில் இடைவெளி கூடியது, பிறகு இல்லை. ஸிப்பைத் திறந்து பார்க்கலாம் என்று தோன்றியது. பார்த்தால் கவனம் சிதறும். முனைகளின் இடைவெளி ஒரு மயிரிழை கூடினாலும் பம்ப் ஓடாது. ஆகவே வேலையை முடித்தேன். இன்னும் பதினேழு நிமிடம் ஆனது. சாவியைத் திருப்பியதும் பம்ப் அழகாகத் தட்டியது. நான் கைகளைத் துடைத்துக்கொண்டேன்.

வழியில் வத்தேகம ஆஸ்பத்திரிக்குத் திரும்பியிருக்கலாமே என்று கேட்டீர்கள். அவள் பேராதனை என்று சொல்லியிருந்தாள்.

ஓட்டம் நன்றாக இருந்தது. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் வெயில் வந்தது. பேராதனை ஆஸ்பத்திரி வாசலில் தள்ளுவண்டியோடு வந்த இருவருக்கு, நோயாளி எங்கே என்று விளங்கவில்லை. நான் ஸிப்பைத் திறந்தேன். அவர்களில் ஒருவன் ஓர் அடி பின்னால் போனான். உள்ளே டாக்டர், முக்கால் மணி நேரத்துக்கு முன்பே முடிந்துவிட்டது என்றார்.

அக்காவை நான் கொன்றேனா என்பதுதான் உங்கள் கேள்வி. ஆம் என்றே எழுதுகிறேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முனாப் நானா அவளைக் காப்பாற்றியிருப்பார். நான் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. அவள் மூச்சுக்காகத் தட்டியதை எடுத்து வண்டிக்குக் கொடுத்தேன். கையொப்பம் இடுகிறேன், வற்புறுத்தல் எதுவும் இல்லை.

ஆனால் அவள் காலையில் கேட்ட கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது அல்லவா. யாரும் தள்ளவில்லை, யாரும் இழுக்கவில்லை, பேராதனை வாசல் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. அக்கா நியாயமானவள். இன்று இருந்திருந்தால், அதை முதலில் கார் என்று ஒத்துக்கொள்கிறவள் அவளாகத்தான் இருப்பாள்.