அடியில ஒரு ஓட்ட

சிரிக்காத பாய். பொம்ம படகுக்குன்னு உன் கடைல வாங்கின ரெண்டாவது கண்ட்ரோலரும் பூடுச்சு. மோந்து பாரு, இன்னும் கருகல் வாசன அடிக்குதா இல்லியா? பையில வெச்சிகினு வரேன், வழியில கண்டவன்லாம், முனியா, கருவாட்ட இன்னாத்துக்கு சுட்டு எடுத்துகினு போறன்னு கேக்குறான்.

மொத தபா பூடுச்சே, அது என் மேல தப்பு, ஒத்துக்கிறேன். மோட்டார், கண்ட்ரோலர், புரொப்பல்லர் மூணும் ஒண்ணுக்கொண்ணு ஜோடி, ஒண்ண மாத்துனா மத்தது தாங்காதுன்னு நீ படிச்சி படிச்சி சொன்ன. நான் கேட்டனா? இத்தினி வருசமா ஏரில எஞ்சின் ஓட்டுறவன்... பெரிய புரொப்பல்லர்னா தண்ணிய நல்லா புடிக்கும்னு பெருச மாட்டுனேன். நீ குடுத்தது வேகமா சுத்துற மோட்டாரு. பெருச இழுக்க அது கரண்ட்ட அள்ளி அள்ளி குடிச்சிச்சு, அத அளந்து வுடுற கண்ட்ரோலர் தாங்காம பொகஞ்சிடுச்சு. சரி. ஆனா பூடுறதுக்கு முந்தி ஓடுச்சு பாரு ஒரு ஓட்டம்... மேஞ்சிகினு இருந்த பூநாரையெல்லாம் ஒரே தூக்கா தூக்கி ஆந்திரா பக்கம் பூடுச்சு. இன்னும் திரும்பல. கேமரா தூக்கிகினு வந்தவங்க என்னத்தான் தேடுறாங்களாம். ஒரு மடவ மீனு துள்ளி, படகுல குந்திகினு கூடவே வந்துச்சு. நம்பாட்டி போ.

இந்த தபா அப்டி இல்ல. நீ குடுத்த அதே சின்ன புரொப்பல்லர், நீ சொன்ன அதே பேட்டரி. கண்ட்ரோலர் மட்டும் மொதல்ல குடுத்தத விட பெருசு, அதுவும் நீயே எடுத்துக் குடுத்தது. கொஞ்ச தூரம் போவல, மறுபடியும் பொக. அப்ப சரக்கு மோசமா, நான் மோசமா?

நாளைக்கி பந்தயம். உனுக்கு அது வெளையாட்டு. நானும் மச்சான் துளசிங்கமும் பங்கு போட்டு புது ஃபைபர் படகு எறக்குறோம் இல்ல, அதுல பேரு எழுதணும். அவன் பொண்டாட்டி செவ்வந்தி பேருதான்றான் அவன். நான் குணசுந்தரின்றேன். என் பொண்டாட்டி அவன் கூடப் பொறந்தவ, அந்தப் பாசம் கூட இல்ல அவனுக்கு. சண்ட வளந்து, ஊரு கூடி, ரெண்டு பேரும் பொம்ம படகு விடுங்கடா, ஜெயிச்சவன் பொண்டாட்டி பேருன்னு சொல்ட்டாங்க. அவனுக்கும் நீதான படகு குடுத்த? நான் தோத்தா, ஆயுசு பூரா செவ்வந்தில ஏறி தொழிலுக்குப் போயிட்டு, குணசுந்தரி கையால சோறு துன்னணும். போடுவான்னு நெனைக்கிற? தோத்துட்டு வந்தா படகுலயே படுத்துக்கன்னு இப்பவே சொல்ட்டா.

இன்னா, படகத் திருப்பித் திருப்பிப் பாக்குற? அடியிலயா? அது நான் அடைச்சதுதான். தடவிப் பாரு, ரெசின் ஊத்தி, தேச்சி, மொழுமொழுன்னு... எந்த மடையன் செஞ்சானோ, புரொப்பல்லர் கிட்டக்கவே ஒரு ஓட்டைய வுட்டு அனுப்பிகிறான். படகுல ஓட்ட, பாய். வாங்கின அன்னிக்கே மொத வேலையா அத அடைச்சிட்டுத்தான் தண்ணில வுட்டேன்.

ஏன் தலைல கை வெக்கிற?

இன்னாது? அது வழியாத்தான் தண்ணி ஏறுமா? ட்யூபுல போயி, கண்ட்ரோலரக் குளுப்பாட்டிட்டு, பக்கவாட்டுல பீச்சிகினு வெளிய வருமா? அது ஏறலன்னா எந்த கண்ட்ரோலர் போட்டாலும் சூடாயி...

ஓ.

பாய், கடைல வேற யாரும் இல்லல்ல?

நேத்து மத்தியானம் துளசிங்கம் துன்னுட்டு தூங்கினு இருந்தான். அவன் படகு வாசல்ல கவுந்து கெடந்துச்சு. அதுலயும் அதே ஓட்ட. போட்டிக்காரனா இருந்தா இன்னா, ஓட்டப் படகோட ஒருத்தன ஏரில எறங்க வுட்ருவமா? மனசு கேக்கல. மிச்ச ரெசின ஊத்தி, என்னுத விட மொழுமொழுன்னு அடைச்சி வுட்டேன். செஞ்ச நல்லத சொல்லிக் காட்டக் கூடாதுன்னு அவனுக்கு சொல்லல. அவன் அத இன்னும் தண்ணில வுடல, பந்தயத்துக்குன்னு பொத்திப் பொத்தி வெச்சிகிறான்.

போன ஏன் எடுக்குற? யாருக்கு? கீழ வை பாய். நானே சொல்றேன். எல்லம்மா மேல சத்தியமா, என் வாயாலயே சொல்றேன்.

பந்தயம் முடியட்டும். நீ மொதல்ல இன்னொரு கண்ட்ரோலர் எடு, அந்த டிரில்லயும் எடு. என்னுத மட்டும் தொற.