நீளக் கம்பியே போதும்

பஸ் செஞ்சிக் கோட்டையைத் தாண்டியபோது, முன் சீட்டில் இருந்த போலீஸ் ஜீப் டிரைவர் பக்கத்திலிருந்த வயர்லெஸ் மெக்கானிக்கிடம் சொன்னார்: "ஜீப்புக்குப் பெரிய வயர்லெஸ் செட்டு வேணாம் சார். ஒரு பொம்பள பொழைச்சதே நீள ஏரியல் கம்பியாலதான்."

"இன்னாய்யா சொல்ற?"

"குட்டை, நீளம்னு ரெண்டு ஏரியலையும் மாட்டிப் பாக்கச் சொன்னீங்களே. போன வாரம் தொண்டூர்ல ஒரு பொம்பளைக்குப் பிரசவ வலி. கொழந்த குறுக்க கெடக்குதுன்னாங்க. ஜீப்புல ஏத்திகினு வந்தேன். குட்டை ஏரியல்ல கூப்டா மலை மறைச்சிகினு ஒரே இரைச்சல். எறங்கி நீளக் கம்பிய மாட்டினேன். ஸ்டேஷன்ல கேட்டு ஆஸ்பத்திரிக்குச் சொல்லிட்டாங்க. நாங்க போறப்பவே டாக்டரம்மா ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிறாங்க."

"உன் வண்டிக்குப் பெரிய செட்டு வேணும்னு எழுதிட்டேனே."

"அது பேட்டரிய உறிஞ்சிடும் சார். வண்டியே கெளம்பலன்னா யார்கிட்ட பேசி இன்னா பண்றது?"

"நீளக் கம்பி புளியங்கெளையில மாட்டுமேய்யா?"

"வளைச்சிக் கயித்தால கட்டிக்கிறேன்."

மெக்கானிக் சட்டைப்பையிலிருந்த காகிதத்தை எடுத்து, ஒரு வரியை அடித்துவிட்டு வேறு எழுதினார். "கொழந்த எப்டி இருக்குது?"

"பொண்ணு சார். நேத்து பாக்கப் போனேன். கையில குடுத்துட்டாங்க. ஸ்டீரிங் புடிச்ச கை, எங்க புடிக்கிறதுன்னே தெரியல."