தூக்குவாளியில் ஒரு லில்லி

"மூச்ச அந்தப் பக்கமா விடு" என்றார் முன்சீட்டில் இருந்தவர், பக்கத்தில் உட்கார்ந்திருந்த தன் மனைவியிடம். ராஜபாளையத்தில் பஸ் ஏறியதிலிருந்து அந்த அம்மாள் மடியில் ஒரு எவர்சில்வர் தூக்குவாளி. உள்ளே இருந்தது, அவர்கள் வீட்டுத் தோட்டத்தில் முதன்முதலாகப் பூத்த லில்லி. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளுக்குப் போகிறதாம்.

"மூடிதான் போட்டிருக்கே."

"இடுக்கு வழியா வாசம் வருதுல்லா. மோந்த பூ சாமிக்கு ஆவாது."

"காலையில சன்னலயும் சாத்தச் சொன்னீங்க, வாசம் வீட்டுக்குள்ள வந்துரும்னு. நாலு வருசமா தண்ணி ஊத்துனவளுக்கு நல்ல மரியாத."

"நான் மட்டும் சும்மாவா இருந்தேன்? மொத வருசம் கெழங்கு அழுகிப் போச்சு. மறு வருசம் நம்ம நாயி தோண்டிப் போட்டுச்சு. போன வருசம் வெறும் எலதான். எம்புட்டுப் பாடு."

"ஆமா. வெயிலுக்குக் குடகூடப் பிடிச்சீங்க. செடிக்கு."



மடவார் வளாகம் தாண்டியதும் அந்த அம்மாள் மூடியைத் திறந்து, குனிந்து, நிதானமாக ஒரு மூச்சு இழுத்தார். என் சீட்டு வரைக்கும் மணந்தது.

"ஏட்டி, என்ன காரியம் பண்ணுத? இனி இத எப்படிச் சாமிக்குக் குடுக்க?"

"அங்க இருக்கவ மாலையத் தான் போட்டு அழகு பாத்துட்டுத்தான் பெருமாளுக்கே குடுத்தா" என்று அந்த அம்மாள் மூடியை அழுத்திப் போட்டார். "மோந்த பூ ஆவாதுன்னு அவகிட்ட நீங்களே போயிச் சொல்லுங்க."